மூன்று புளக்

“நான் உன்ரை காரிலை கை வைக்கேல்லை எண்டு சொல்லுற—”

“அப்ப அது நடுத் தண்டவாளத்திலை ஏன் நிண்டது மாமா?”

“சொல்லி முடிக்க விடு பிள்ளை. கை வைக்கேல்லை. உதுகள் புதுக் காருகள். நினைச்ச இடத்திலை நிக்கும்.”

“பின் சீற்றிலை அம்மா. கேற் விழ மணியடிக்குது. ரோட்டிலை நிண்ட சனம் தள்ளித்தான் அங்காலை வந்தனாங்கள்.”

தாயை இரத்தம் சுத்திகரிக்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில், அன்று காலை நடந்தது அது. கிழமைக்கு மூன்று தரம் சிவகௌரி அந்த வழியால் போகவேண்டும். மாமனார் செல்வநாயகம் தன் பழைய மொறிஸ் மைனர் காரின் பொனற்றுக்குள் குனிந்தபடியே பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

“கறாச்சிலை கழற்றிப் பாத்தவை. எஞ்சினிலை தீப்பொறி அடிக்கிற புளக் எல்லாத்தையும் ஆரோ பிளேட்டாலை சுரண்டியிருக்காம். அதுக்கு ஊசி மாதிரி முனை, சுரண்டக்கூடாதாம். ஒண்டு முறிஞ்சே போச்சு.”

“கறாச்சுக்காரன் சொல்லுவான். புதுசு விக்கவேணுமெல்லோ.”

“அந்தப் பெடியன் உங்களைக் கண்டதே இல்லை. உங்களிலை அவனுக்கென்ன கோவம்?”

“கொம்பியூட்டரைக் கொழுவிப் பாக்கிறவனுக்குப் புளக்கைப் பற்றி என்ன தெரியும்? சண்டைக்குள்ளை பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயிலை ஓடின காலம் இந்த மொறிஸை ஒரு கறாச்சும் கண்டதில்லை. கிழமைக்கொருக்கா நான்தான் கரி சுரண்டினனான். சுரண்டாட்டில் ஸ்ராட் வருமே?”

“அதைத்தான் மாமா நானும் யோசிச்சன்.”

அவர் நிமிரவில்லை. சட்டைப் பையில், கண்ணாடிக் கூட்டுக்குப் பக்கத்தில், இரும்பு வெட்டும் பிளேட்டின் முறிந்த துண்டு ஒன்று எட்டிப் பார்த்தது. புளக்கின் இடைவெளியை அவர் அளப்பதும் அதைக் கொண்டுதான், கரி சுரண்டுவதும் அதைக் கொண்டுதான்.

“சந்தேகப்படுறதெண்டால் அவனிலை சந்தேகப்படு. மூண்டையும் தானே சுரண்டிப்போட்டு என்ரை தலையிலை கட்டுறான்.”

“மூண்டெண்டு நான் சொல்லேல்லையே.”

ஸ்பானர் சுற்றிய கை நின்றது.

“சின்னக் கார்தானே. ஒரு கணக்கிலை சொன்னன்.”

“உங்கடை மொறிஸிலை நாலு. என்ரை காரிலை மூண்டெண்டு எனக்கே இண்டைக்குத்தான் தெரியும். அதுவும் கழற்றி மேசையிலை வைச்ச பிறகு.”

செல்வநாயகம் கந்தைத் துணியை எடுத்து, துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தார். சிவகௌரி கிட்டப் போய்க் குரலைத் தாழ்த்தினாள்.

“நான் சண்டைக்கு வரேல்லை மாமா. புதுப் புளக் போட்டாச்சு. நாளையிண்டைக்கும் அம்மாவை ஏத்திக்கொண்டு அந்தத் தண்டவாளக் கடவையாலைதான் போகவேணும். வேறை எதிலையெல்லாம் கை வைச்சனீங்கள்?”