பூண்டுக்காரி வேஷம்

அந்த வேஷம் கட்ட வேலுத்தாய்க்குப் பெரிதாக ஒன்றும் வேண்டாம். சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகி, தலையில் ஒரு சாக்கை மடித்துப் போட்டுக்கொண்டால் போதும். பூம்பாறையிலிருந்து பங்களா பங்களாவாகப் பூண்டு விற்க வரும் கிழவி தயார்.

கோடைக்கானலில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் ஒரு பள்ளிக்கூடத்தில் அவள் ஆயா. சீசன் முடியும்போது அங்கே ஹாலில் ஒரு விழா நடக்கும். பாட்டு, மேஜிக் எல்லாம் வருஷத்துக்கு வருஷம் மாறும். வேலுத்தாயின் பூண்டுக்காரி மட்டும் மாறாது. மேடை ஏறியதும் தொப்பென்று குத்தவைத்து உட்காருவாள். விலையைச் சொல்வதற்கு முன்னால் வியாதிகளைச் சொல்லத் தொடங்குவாள். முட்டி வலி, இடுப்பு வலி, கடைசியில் தொண்டை.

"தொண்டைக்குள்ள என்னமோ அடைச்சுக்கிட்டே கெடக்கு தொரசாணி" என்று கரகரத்த குரலில் இழுப்பாள். அந்த இடத்தில் ஹாலே குலுங்கும். மேட்ரன் அம்மாள் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரிப்பார்.

அவளும் பூம்பாறைக்காரிதான் என்பது சிரித்தவர்கள் யாருக்கும் நினைவில் இருந்ததில்லை. கஞ்சி போட்ட வெள்ளைச் சேலையும் இங்கிலீஷுமாக வளைய வருகிறவளைப் பார்த்தால் எப்படி நினைவு வரும்? அவளுக்கே பல நாள் மறந்துதான் போயிருந்தது. கண்ணாடி முன்னால் நின்றால்கூட மேட்ரன் அம்மாளின் கண்ணை வாங்கி மாட்டிக்கொண்டுதான் தன்னைப் பார்ப்பாள். கொண்டை அடக்கமாக இருக்கிறதா, நடை சத்தம் போடுகிறதா, குரல் தூக்குகிறதா என்று நாள் முழுக்கத் தனக்குத் தானே காவல்.

அறுபத்தொன்றாம் வருஷம் அந்த விழா சமயத்தில் அவளுக்கு வேறொரு கவலையும் இருந்தது. தாயார் பிச்சையம்மாளுக்குக் கழுத்தில் கழலை. கொஞ்ச நாளாகச் சோறு இறங்கவில்லை, கஞ்சியாகக் கரைத்துக் குடித்தாலும் பாதி வெளியே வந்தது. மதுரையிலிருந்து ஒரு பெரிய டாக்டர் கோடைக்கு மலையேறி வந்திருந்தார். விழாவுக்கு மறுநாள் காலையில் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்த்துவிட்டு மத்தியானமே இறங்குகிறார். விழுங்க முடியாமல் தவிப்பவர்களை மட்டும் கையோடு மதுரைக்குக் கூட்டிப்போய் ஆபரேஷன் செய்வார், மற்றவர்கள் பிறகுதான் வரவேண்டும், அதனால் உள்ளதை ஒளிக்காமல் சொல்லச் சொல் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். வேலுத்தாய் சிரித்துவிட்டாள். பஸ் கண்டக்டரிடமே தன் வியாதியை ஒப்பிக்கிறவள் பிச்சையம்மாள். டாக்டர் கிடைத்தால் விடுவாளா?

தாயாரை பஸ்ஸில் வரவழைத்து, ஹாலுக்குப் பின்னால் இருந்த தன் அறையில் உட்கார வைத்தாள். வெளியே பனி, விழா பார்க்க வரவேண்டாம் என்றாள். பனி ஒரு சாக்கு.

சாயங்காலம் ஹால் நிறைந்திருந்தது. முன் வரிசையில் மதுரை டாக்டரும் இருந்தார். வேலுத்தாய் உட்கார்ந்தாள், முட்டியைச் சொன்னாள், இடுப்பைச் சொன்னாள், தொண்டைக்கு வந்தாள். கூட்டம் கொல்லென்று சிரித்தது. நிமிர்ந்து பார்த்தாள். பின்பக்கக் கதவோரம் பிச்சையம்மாள் நின்றிருந்தாள். ஒரு கை கழுத்தின் மேல் இருந்தது.

வேலுத்தாய்க்கு அப்போதுதான் உறைத்தது. இது யார் குரல்? இத்தனை வருஷமாக யாரோ ஒரு மலைக்காரி என்றுதானே நினைத்திருந்தாள். பாவி மகள், பெற்றவள் குரலைக் கொண்டுவந்து இங்கே சபையில் வைத்திருக்கிறாள். வாயைத் திறந்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். அதுவும் நடிப்பென்று நினைத்து ஹால் இன்னும் பலமாகச் சிரித்தது.

அறைக்குத் திரும்பியபோது பிச்சையம்மாள் போர்த்திப் படுத்திருந்தாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் வேலுத்தாய் காலில் விழுந்திருப்பாள்.

காலையில் பார்த்தால் தாயார் வேறு ஆளாக இருந்தாள். சேலையைப் பாதம் மறைய இறக்கிக் கட்டி, கழுத்தைச் சுற்றித் துண்டு போட்டிருந்தாள். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் மற்ற பெண்கள் சுவரோரமாகக் குத்தவைத்திருக்க, அவள் மட்டும் நின்றாள்.

டாக்டர் கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

"நல்லா இருக்கிறது சார்" என்றாள் பிச்சையம்மாள். கரகரப்பு தெரியாதபடி மெல்லிய, யாருடையதோ போன்ற குரல். மகள் மேட்ரனிடம் பேசும் குரல் அது.

"விழுங்க முடியுதா?"

"முடிகிறது சார். ஒரு தொந்தரவும் இல்லை."

டம்ளரில் தண்ணீர் கொடுத்தார்கள். முகம் சுளிக்காமல் மடக்கென்று குடித்தாள். கண்ணில் நீர் முட்டியது வேலுத்தாய்க்குத் தெரிந்தது. டாக்டர் அப்போது பேனாவைத் தேடிக்கொண்டிருந்தார்.

வேலுத்தாயால் பொறுக்க முடியவில்லை. கட்டிக் காத்த பேச்சு, அடக்கி வைத்த குரல் எல்லாம் போய்விட்டது. "பொய்யி சொல்லுதுங்க ஐயா! கஞ்சித்தண்ணிகூட எறங்கலைங்க. தொண்டைக்குள்ள அடைச்சுக்கிட்டே கெடக்குங்க" என்று உடைந்த குரலில் கதறினாள்.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். அவர் முகத்தில் சிரிப்பு மலர்ந்தது. "அட, நீங்கதானா அது? நேத்து சிரிச்சுச் சிரிச்சு வயிறு புண்ணாப் போச்சு. இப்ப வேண்டாம், வெளியே ஆள் காத்திருக்கு" என்றார். அவசரமில்லை, மழைக்காலம் போனபிறகு மதுரைக்கு வரட்டும் என்று சொல்லிவிட்டு அடுத்தவளைக் கூப்பிட்டார். வேலுத்தாய் மறுபடி என்னென்னவோ சொன்னாள். நர்ஸ் அவள் தோளைப் பிடித்து வெளியே கொண்டுவந்து விட்டாள்.

பூம்பாறை பஸ் வரக் காணோம். நிறுத்தத்தில் தாயும் மகளும் நின்றார்கள். ஏன் அப்படிச் சொன்னாய், ஏன் நேற்று அறையை விட்டு வந்தாய் என்று வேலுத்தாய் அழுதபடி கேட்டாள்.

"உன் சத்தம் கேட்டுச்சு" என்றாள் பிச்சையம்மாள். "ரொம்ப நாளைக்கப்புறம் நம்ம பேச்சுல பேசுறியே, என்னையத்தான் கூப்புடுறியோன்னு வந்தேன்."

நின்று நின்று தாயாருக்குக் கால் நடுங்கியது. சுற்றிலும் சீசனுக்கு வந்தவர்கள் நடமாடிக்கொண்டிருந்தார்கள். உட்காரச் சொல்லி வேலுத்தாய் கெஞ்சினாள், அவள் அசையவில்லை.

மகளுக்கு வேறு வழி தெரியவில்லை. தான் உட்கார்ந்தால் பக்கத்தில் அவளும் உட்காருவாள் என்று, கஞ்சி போட்ட சேலை மண்ணில் புரள, நடுத்தெருவில் குத்தவைத்து உட்கார்ந்தாள். "ஆத்தா, செத்த ஒக்காரு ஆத்தா" என்று கையைப் பிடித்து இழுத்தாள்.

பிச்சையம்மாள் கையை உதறி விடுவித்துக்கொண்டாள். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, மகள் பக்கம் குனிந்து, அந்த மெல்லிய குரலிலேயே சொன்னாள்.

"எந்திரி தாயி. இங்கயும் ஆரம்பிச்சுறாத."