முதல் சொல் மட்டும்

என் தங்கச்சி கோகிலா ஒருநாளும் என் பேச்சைக் கேட்டவள் அல்ல. படிடி என்றால் ரப்பர் பால் வெட்டப் போவாள். அந்தப் பிரதீபனைக் கட்டாதே என்றேன். கட்டிக்கொண்டு மேக்கணக்கு லயத்து வரிசை வீட்டுக்கே குடிபோய்விட்டாள். பிரதீபன் கெட்டவன் இல்லை. ஆனால் எங்கள் தோட்டத்தின் மேல் பிரிவான மேக்கணக்கு செங்குத்து மலையில் இருக்கிறது, மழை பிடித்தால் மண் எப்போது இறங்கும் என்று சொல்ல முடியாது, அதைத்தான் சொன்னேன். “நீ என்ன எனக்குத் தொரையா?” என்று கேட்டுவிட்டுப் போனவள், திருவிழாவில் என்னைப் பார்த்தும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சரிதான் போடி என்று நானும் விட்டுவிட்டேன். எனக்கும் வாய் கொஞ்சம் நீளம்.

இது நடந்தது இரண்டாயிரத்து எட்டில். அரநாயக்கப் பக்கத்தில் எங்கள் தோட்டம். ஆபீசை ஒட்டிய அறையில் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுப்பது என் வேலை. மேக்கணக்கில் கைப்பேசிக்குச் சிக்னல் கிடையாது. கடைசி வீட்டு ஜன்னலில் போனைத் தொங்கவிட்டால் மட்டும் எஸ்.எம்.எஸ். வரும், பேசவெல்லாம் முடியாது. அந்தக் கடைசி வீடு யாருடையது என்றால் என் அருமைத் தங்கச்சியுடையது!

மாவனல்லையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த மஷூர் நானாதான், முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம், எல்லாப் பிரிவுக்கும் எச்சரிக்கை அனுப்பும் ஏற்பாட்டைச் செய்து கொடுத்தார். எங்கள் லினக்ஸ் கம்ப்யூட்டரில் ஒரு பழைய போனை வயரால் இணைத்து, சின்னதாக ஒரு ஸ்கிரிப்ட் எழுதினார். ஸ்கிரிப்ட் என்றால் கம்ப்யூட்டர் வரி வரியாகச் செய்ய வேண்டிய கட்டளைகள், அவ்வளவுதான். செய்தியை நான் ஒரு தடவை தட்டினால் பிரிவுக்கு ஒரு போனுக்கும், கிளாக்கர் காளிதாஸ் ஐயாவின் போனுக்கும் அது போகும். கம்ப்யூட்டரில் போன் கட்டியிருக்கிறது என்று கேள்விப்பட்டுப் பொலிசே வந்து பார்த்தது. யுத்தம் நடந்த காலம், அப்படி. காளிதாஸ் ஐயா சிங்களத்தில் சிரித்துச் சிரித்துப் பேசி, பிளேன்ரீ என்கிற வெறுந்தேநீர் கொடுத்து அனுப்பிவைத்தார். பிறகு ‘வணக்கம்’ என்று ஒரு வார்த்தை அனுப்பிப் பார்த்தோம். எல்லாப் போனிலும் விழுந்தது. “எப்பிடி டீச்சர் நம்மட வேலை?” என்று மஷூர் நானா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனார்.

அந்த வாரம்தான் கொழும்பிலிருந்து மண் பார்க்கிற அதிகாரி ஒருவர் வந்து, மேக்கணக்கு மாரியம்மன் கோயிலுக்கு மேலே மலையில் வெடிப்பு இருப்பதைக் கண்டுபிடித்தார். பெருமழை என்றால் மேக்கணக்குச் சனம் முழுவதும் பிள்ளைகுட்டிகளோடு அந்தக் கோயிலுக்குத்தான் ஓடும். லயம் தகரக்கூரை, கோயில் கொங்கிரீட். காலங்காலமாக அப்படித்தான். அதிகாரி தலையை ஆட்டினார். மண் இறங்கினால் முதலில் கோயில் மேல்தான் இறங்கும், கனத்த மழைக்கு எல்லாரும் கீழே ஸ்டோருக்கு வந்துவிட வேண்டும் என்றார். ஸ்டோர் என்று நாங்கள் சொல்வது தேயிலை ஃபெக்டரியை. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டு எல்லாருக்கும் சொல்வதாக முடிவெடுத்தோம்.

மழை ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் பொறுக்கவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. ஓடை ரோட்டுக்கு மேலே பாய்ந்தது. “சுதர்ஷினி, அனுப்பிருங்க. இனிப் பார்க்க ஏலாது,” என்றார் காளிதாஸ் ஐயா.

நான் உட்கார்ந்து, இங்கிலீஷ் எழுத்தில் தமிழைத் தட்டினேன். ‘கோயிலுக்கு போகாதீங்க. புள்ளைகளோட ஸ்டோருக்கு எறங்குங்க.’ மஷூர் நானா சொல்லிக் கொடுத்தபடியே செய்தியின் இரண்டு பக்கமும் மேற்கோள் குறி போட்டேன். குறி இல்லாவிட்டால் இடைவெளி வரும் இடமெல்லாம் கம்ப்யூட்டர் வாக்கியத்தை வெட்டிவிடும், ஒவ்வொரு சொல்லையும் தனித்தனிச் சாமானாக எடுத்துக்கொள்ளும் என்று எனக்குத் தெரியும். திரையில் ஒவ்வொரு நம்பரும், பக்கத்திலேயே என் வாக்கியம் முழுவதும், ஒரு எழுத்துக் குறையாமல் வந்தது. அப்பாடா என்று சாய்ந்தேன்.

காளிதாஸ் ஐயாவின் போன் கத்தியது. எடுத்துப் பார்த்தார். கண்ணாடியைத் தூக்கிவிட்டு மறுபடியும் பார்த்தார்.

“என்னங்க இது? ‘கோயிலுக்கு’ன்னு மட்டும் வந்திருக்கு.”

“மிச்சம் கீழ இருக்கும், தள்ளிப் பாருங்க ஐயா.”

“கீழ ஒண்ணுமில்லீங்க. ஒத்த வார்த்தைதான்.”

போனைப் பிடுங்கிப் பார்த்தேன். கோயிலுக்கு. அவ்வளவுதான். ‘போகாதீங்க’ இல்லை. நம் பாஷையில் வேண்டாம் என்பதைக் கடைசியில்தானே சொல்கிறோம், அந்தக் கடைசியைத்தான் காணோம். மழை கொட்டுகிற நேரத்தில் ஆபீசிலிருந்து ‘கோயிலுக்கு’ என்று செய்தி வந்தால் மேக்கணக்குக்காரர்கள் என்ன செய்வார்கள்?

அப்போது கம்ப்யூட்டரோடு கட்டியிருந்த போனுக்கு ஒரு பதில் வந்தது. கோகிலா. ‘சரிக்கா. எல்லாரையும் கூட்டிக்கிட்டு போறோம்.’

அடி பாவி! ஒருநாளும் கேட்காதவள், கேட்கக் கூடாத நேரத்தில் கேட்டுவிட்டாயேடி! நான் வாய்விட்டே கத்தினேன்.

“ஸ்டோர் சங்க ஊதச் சொல்லவா?” என்றார் காளிதாஸ் ஐயா.

“வேணாங்க ஐயா! சங்குச் சத்தம் கேட்டா இன்னும் வேகமா கோயிலுக்குத்தான் ஓடுவாங்க!”

ஆபீசில் வேலை செய்த நிரோஷனை மேலே ஓடச் சொன்னார். ஓடை பாய்கிற பாதையில் அவன் எப்போது போய்ச் சேர்வது? நான் ஆபீஸ் லைனில் மஷூர் நானாவைப் பிடித்தேன். நடந்ததைச் சொல்வதற்குள் வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டேன்.

“முழுசும் திரையில தெரிஞ்சிச்சே நானா! அப்புறம் எப்பிடி ஒத்த வார்த்தை போகும்?”

“பொறுங்க டீச்சர், பொறுங்க. திரையில காட்டுற கட்டளை எத்தின சொல்லு குடுத்தாலும் அம்புட்டையும் காட்டும். அனுப்புற கட்டளை அப்பிடியில்ல. நம்பருக்குப் பொறகு ஒரே ஒரு சாமான்தான் எடுக்கும்.”

“நான்தான் குறி போட்டேனே!”

“நீங்க போட்ட குறி வாசலோட சரி. உள்ளுக்குப் போகக்கொள்ள, கட்டளைய வாசிக்கிற ஷெல் அதக் கழட்டிப் போட்டுரும். ஸ்கிரிப்டுக்கு உள்ளுக்கு, டொலர் அடையாளம் போட்டு ‘சேதி’ன்னு ஒரு பேரு ஈக்கும் பாருங்க, அந்தப் பேரச் சுத்தியும் குறி போட்டீக்கணும். நான் போடல்ல. யா அல்லாஹ், நான் போடல்ல டீச்சர். வணக்கத்துல இடைவெளி இல்லாததால நமக்குத் தெரியல்ல.”

புரிந்துவிட்டது. சாப்பாட்டுப் பார்சலைக் கயிறு கட்டிக் கொடுத்தனுப்ப, வாசலில் இருந்தவன் அவிழ்த்து, உள்ளே ஒரு பிடி சோறு மட்டும் கொண்டுபோய்க் கொடுத்த கதை. ஸ்கிரிப்டைத் திறந்தேன். கடைசியில் ஒரு வரி: அனுப்புகிற கட்டளை, நம்பர், பிறகு $seithi. என் வாக்கியத்தைச் சுமக்கிற பெயர் அதுதான். இரண்டு பக்கமும் மொட்டையாக நின்றது.

அவர் என்னவோ சொல்லச் சொல்ல லைன் கரகரவென்று இரைந்து செத்துப் போனது.

குறி போட வேண்டும். போட்டேன். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. அவசரத்தில் ஒற்றைக் குறி. அப்படியே எல்லாருக்கும் தட்டிவிட விரல் போய்விட்டது. பிறகு, வேண்டாம், இன்னொரு தடவை தப்பாகப் போனால் அந்தச் சனத்துக்கு யார் பதில் சொல்வது என்று நினைத்து, காளிதாஸ் ஐயாவின் நம்பருக்கு மட்டும் அனுப்பினேன்.

அவருடைய போன் வாயைத் திறக்கவில்லை. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். மழை தகரத்தில் அடிக்கிற அடியில் காது அடைத்தது. வந்தது.

“டொலர் அடையாளம் ஒண்ணு வந்திருக்குங்க. பொறவு ‘சேதி’ன்னு இங்கிலீஸ்ல.”

சேதி என்ற பெயரே போயிருக்கிறது, சேதி போகவில்லை. நாசமாய்ப் போக! ஒற்றைக் குறிக்குள் எதை வைத்தாலும் ஷெல் அதைத் தொடாது, டொலர் போட்ட பெயரைக்கூட வெறும் எழுத்தாகவே விட்டுவிடும். பிள்ளைகளுக்கு நானே வகுப்பில் சொல்லியிருக்கிறேன். பெயருக்குப் பின்னால் இருப்பதை எடுக்கவும் வேண்டும், அது உடையாமல் இருக்கவும் வேண்டும் என்றால் இரட்டைக் குறி. மூன்று குறி விழுந்தது. அழித்தேன். மறுபடி போட்டேன்: "$seithi". அனுப்பினேன்.

காளிதாஸ் ஐயா உரக்க வாசித்தார். “கோயிலுக்கு போகாதீங்க. புள்ளைகளோட ஸ்டோருக்கு எறங்குங்க.”

கோகிலாவின் நம்பரை முதலில் வைத்து எல்லாருக்கும் அனுப்பினேன். குடையைக்கூட எடுக்காமல் ஸ்டோருக்கு ஓடினேன்.

ஸ்டோர் வாசலில் நின்றுகொண்டு மேலே பார்த்தால் மழையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. தாயே மாரியம்மா, உன் வாசலுக்கு யாரையும் விடாதே என்று வேண்டிக்கொண்டேன். ஒரு கோயிலைப் பற்றி அந்தச் சாமியிடமே இப்படி வேண்டிக்கொண்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

முதலில் நாலைந்து பேர் வந்தார்கள். பிறகு கூட்டமாக. கம்பளிக்குள் சுருட்டிய பிள்ளைகள், முதுகில் சுமந்த கிழவிகள். கோயில் படியின் அடி வரைக்கும் போய்த் திரும்பியதாகச் சொன்னார்கள். எல்லாரையும் கிளப்பிவிட்டுப் பிள்ளைகளைத் தூக்க வீட்டுக்கு வந்த இடத்தில் இரண்டாவது சேதியைப் பார்த்த கோகிலாதான் மழைக்குள் நின்று “எறங்குங்க, எறங்குங்க” என்று தொண்டை கிழியக் கத்தி எல்லாரையும் திருப்பினாளாம். நான் ஒவ்வொரு முகமாகத் தேடினேன். கடைசியில் அவளும் வந்தாள். இடுப்பில் சின்னது, கையில் பெரியது, சேலை முழுக்கச் சேறு. ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன்.

“எங்கடி பிரதீபன்?”

“கோயில் சாவி அவருகிட்டதானேக்கா. மொதச் சேதி வந்தோன, போயி கதவத் தொறந்து பாய் விரிங்கன்னு நான்தான் முன்னாடி அனுப்பினேன். அவரு மேல கோயிலுக்குள்ள இருந்தாரு, மழையில என் சத்தம் கேக்கல. நிரோஷன் கூப்பிடப் போயிருக்கான். இப்ப வந்திருவாரு.”

அவள் சொல்லி வாய் மூடவில்லை. மேலே மலை உறுமியது. இடி என்றுதான் முதலில் நினைத்தேன். இடி நின்றுவிடும். இது நிற்கவில்லை. ஸ்டோர்த் தரை என் காலுக்கடியில் ஆடியது. கோகிலா என் கையை உதறிவிட்டு மழைக்குள் ஓடினாள். நாலு பேர் சேர்ந்து இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தது.

நிரோஷன் பாதி வழியில் இருந்ததால் தப்பினான். பிரதீபனைக் கோயிலை மூடிய மண்ணுக்குள்ளிருந்து மறுநாள்தான் எடுத்தார்கள். சாவி அவன் மடியிலேயே இருந்ததாகச் சொன்னார்கள்.

சாவு வீட்டுக்குப் போகும் வழியில் காளிதாஸ் ஐயா என்னைத் தனியாக நிறுத்தினார். “சுதர்ஷினி, நான் நல்லதுக்குத்தான் சொல்றேன். மேக்கணக்குல ஒங்க தங்கச்சி போன் ஒண்ணுக்குத்தான் வந்திச்சு. மொதச் சேதி அரைகுறையா போனது அங்க வேற யாருக்கும் தெரியாது, அடுத்தடுத்து ரெண்டு சேதி வந்திச்சுன்னே இருக்கட்டும். தோண்டாதீங்க. நீங்க வேணும்னா செஞ்சீங்க?” உண்மையைச் சொன்னால், அவர் பேச்சு எனக்கு அப்போது இனிப்பாகத்தான் இருந்தது.

கோகிலா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. பிரதீபனின் அம்மா சுப்பம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டு ஒப்பாரிக்கு நடுவே அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். “முழுசாப் படிச்சியாடி? அவசரக்காரி, முழுசாப் படிச்சியா? எம்புள்ளய நீதானடி அனுப்பின!”

கோகிலா என்னைப் பார்த்தாள். “அக்கா, அது நான் சரியாப் படிக்கலியா? போன்ல எடமில்லாம பழசெல்லாம் அழிச்சிட்டேன். ‘கோயிலுக்கு’ன்னுதான் ஞாபகம் இருக்கு. போகாதீங்கன்னு இருந்திச்சா? அவசரத்துல நான் பாக்கலியா? சொல்லுக்கா.”

வீடு நிறையச் சனம். எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். நான் ஒரு வார்த்தை பேசாமல் அழுதால் போதும், அவள் தலையிலேயே விடிந்துவிடும். சாகிற வரைக்கும் சுமப்பாள்.

“நீ சரியாத்தான் படிச்ச,” என்றேன். சுப்பம்மாவுக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகச் சொன்னேன். “போகாதீங்கன்னு அதுல இல்ல. நான் அடிச்சது முழுசா போகல. கம்ப்யூட்டர்ல ஒரு குறி போடாம விட்டிருந்திச்சு, அதனால மொத வார்த்தை மட்டும் வந்திச்சு. வேற யாரு படிச்சிருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பாங்க.”

சுப்பம்மாவின் ஒப்பாரி நின்றுபோனது.

“அப்ப அவர அனுப்பினது நான் இல்லதானேக்கா?”

“நீ இல்லடி.”

சுவரிலிருந்து நிமிர்ந்தாள்.

“நீயி,” என்றாள்.

“ஆமா.”

அப்போதுதான் கோகிலா அழத் தொடங்கினாள். வாயைத் திறந்து, மார்பைப் பிடித்துக்கொண்டு, பெரிதாக அழுதாள். நான் அவளை அணைக்கக் கையை நீட்டினேன். தட்டிவிட்டாள்.