பி.முட்லூர் நிறுத்தத்தில் இசேகாய்

2025ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 23ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, வளர்பிறை. கடலூரில் விடிந்தது முதல் மழை தூறுவதும் நிற்பதும் மறுபடி தூறுவதுமாகப் போக்குக் காட்டிக்கொண்டிருந்தது. காற்றில் குளிர் இருந்தது. வெயில் அறவே இல்லை.

அன்று பிற்பகல் மஞ்சக்குப்பத்திலிருந்து சிதம்பரத்திற்குப் பெண் பார்க்கப் புறப்பட்ட மூவருள், பாடத்தை முழுமையாகப் படித்து முடித்திருந்தவர் ராஜமாணிக்கம் ஒருவரே. அவருடைய மனைவி பொன்னியும் மகன் கார்த்திகேசனும் ஒரு வரி கூடப் படிக்கவில்லை. மாப்பிள்ளை கார்த்திகேசன்தான் என்பது இங்குக் குறிப்பிடத்தக்கது.

பாடம் யாதெனின், அனிமே. ஜப்பானியர் வரைந்து உருவாக்கும் அசையும் படக்கதைகளுக்கு அது பெயர். சிதம்பரத்துப் பெண்ணான இளமதி இரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் பணிபுரிபவள். அவள் தன் ஜாதகத்தோடு ஒரே ஒரு நிபந்தனையைச் சொல்லி அனுப்பியிருந்தாள்: 'நான் அனிமே பார்ப்பேன். அதைப் பொம்மைப் படம் என்று கேலி பேசுகிறவர்கள் வர வேண்டாம்.'

கார்த்திகேசனுக்கு வயது முப்பத்து மூன்று. சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. வந்த வரன்கள் யாவும் ஏதோ ஒரு காரணத்தால் தட்டிப்போயின. இதுவும் போனால் தரகர் இனி நம் தெருப்பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டார் என்று பொன்னி எச்சரித்திருந்தாள்.

"டேய், அது என்னா படமோ, நாலு பாத்துட்டுதான் போயேன்."

"ஷிஃப்ட் முடிஞ்சி வந்தா கண்ணே தொறக்க மாட்டேங்குதும்மா. அப்பாவப் பாக்கச் சொல்லு."

அவன் கிண்டலாகச் சொன்னதை ராஜமாணிக்கம் கடமையாக ஏற்றுக்கொண்டார். அரசுப் பேருந்தில் நடத்துநராகப் பணியாற்றியவாறே, ஐம்பது வயதுக்கு மேல் அஞ்சல் வழியில் முதுகலைப் பட்டம் பெற்றவர் அவர். ஒரு பொருளின் வரையறை, வகை, சிறப்பு ஆகியவற்றை அறிந்தவனுக்கு அப்பொருளே வசப்பட்டது என்பது அவரது உறுதியான கொள்கை. எனவே இணையத்தில் புதியவர்களுக்கென எழுதப்பட்ட விளக்கங்களைத் தேடிப் படித்தார். வகைகள் மறவாதிருக்க, தாம் பல்லாண்டு சீட்டுக் கிழித்த கடலூர்–சிதம்பரம் தடத்தின் நிறுத்தங்களில் ஒவ்வொன்றாக அவற்றை ஏற்றி உட்கார வைத்தார். கடலூர் ஓ.டி.யில் ஷோனென் ஏறியது. சிப்காட்டில் மெக்கா. ஆலப்பாக்கத்தில் ஷோஜோ. புதுச்சத்திரத்தில் ஸ்லைஸ் ஆஃப் லைஃப். பி.முட்லூரில் இசேகாய். வண்டி நிறைந்துவிட்டது.

பேருந்தில் வரும்போது மகனுக்கும் ஒருமுறை ஒப்புவித்துக் காட்ட முயன்றார். மகன் ஓ.டி. தாண்டும் முன்பே உறங்கிப்போனான்.

"ஏங்க, பொண்ணப் பாக்கப் போறது அவனா, நீங்களா?" என்றாள் பொன்னி.

"அறிவு வீண் போகாது" என்றார் அவர்.

பெண்ணின் தந்தை காத்தவராயன் லாரி வைத்துத் தொழில் செய்பவர். வீட்டு வாசலிலேயே இரண்டு லாரிகள் மழையில் நனைந்து நின்றன. முகப்பில் சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம். தொழிலைத் தெய்வமாக மதிக்கும் குடும்பம் என்று ராஜமாணிக்கம் மனத்திற்குள் மெச்சிக்கொண்டார். மெச்சியதோடு நிறுத்திக்கொண்டார் என்பதே பின்னர் விளைந்த துன்பத்திற்குக் காரணம்.

கேசரியும் பஜ்ஜியும் வந்தன. நாலரைக்கு இராகு காலம் தொடங்குமாதலால், மனம் ஒத்தால் அதற்குள் பெண்ணுக்குப் பூ வைத்துவிட வேண்டும் என்று முன்னரே பேச்சு.

"கடலூர்ல மழ ஜாஸ்திங்களா?" என்று காத்தவராயன் கேட்டார்.

"தூறலுதாங்க" என்றாள் பொன்னி.

"இங்கயும் தூறலுதான்."

கதையை ஓர் அடியும் நகர்த்தாமல் இடத்தை மட்டும் நிரப்பும் பகுதி அனிமேயில் ஃபில்லர் எனப்படும். இது ஃபில்லர் என ராஜமாணிக்கம் உடனே இனங்கண்டார். அந்நேரம் காத்தவராயனே வாயிலைத் திறந்துவிட்டார்.

"எம் பொண்ணு அந்த ஜப்பான் படம்னா சோறு தண்ணி மறந்துடும். அது என்னா எழவோ, எனக்கு ஒண்ணும் புரியலீங்க."

ராஜமாணிக்கம் கேசரித் தட்டைக் கீழே வைத்தார். தொண்டையைச் செருமினார்.

"அனிமே பல வகைப்படும். இளைஞர்க்கென அமைந்து, சண்டையும் நட்பும் மிக்கது ஷோனென். உள்ளே மனிதன் அமர்ந்து இயக்கும் இயந்திரப் பேருருவங்கள் பொருதுவது மெக்கா. இளம்பெண்டிர்க்கென அமைந்து காதலைப் பாடுவது ஷோஜோ. இனி, ஸ்லைஸ் ஆஃப் லைஃப் என்பது யாதெனின், அதில் ஒன்றும் நடவாது. சமைப்பர், உண்பர், மழையை நோக்குவர்."

"நாம இப்ப உக்காந்திருக்கிற மாதிரி" என்றாள் பெண்ணின் தாய் மலர்க்கொடி.

எல்லாரும் சிரித்தார்கள். சமையலறைக்குள்ளிருந்தும் வளையலோசையோடு ஒரு சிரிப்பு வந்தது. பெண்ணின் சிரிப்பு! ராஜமாணிக்கத்திற்கு உச்சி குளிர்ந்தது. பொன்னி அவரது முழங்கையை இடித்தாள்; பாராட்டுகிறாள் என்று அவர் எடுத்துக்கொண்டார். வண்டி பி.முட்லூரை அடைந்தது.

"எல்லாவற்றினும் புகழ் பெற்றது இசேகாய். அதன் தொடக்கமே தனிச் சிறப்புடையது. கதாநாயகன் சாலையைக் கடப்பான். லாரி ஒன்று விரைந்து வந்து அவனை அடிக்கும். அந்த இடத்திலேயே உயிர் போய்விடும்."

காத்தவராயன் கடித்த பஜ்ஜியைத் தட்டிலேயே திரும்ப வைத்தார்.

"நல்ல காரியத்துக்கு வந்து உக்காந்துகிட்டு இதாங்க பேசுறது?" என்று மலர்க்கொடி எழுந்துவிட்டாள். "லாரி ஓட்டித்தான் இந்த ஊட்டுல ஒல கொதிக்குது. லாரியில அடிபட்டுச் செத்தான்னு, அதுவும் மொதநாளு, எங்க கூடத்துல!"

"அம்மா, அது மங்களகரமான மரணம். அவன் உடனே வேறோர் உலகத்தில் மறுபிறவி..."

"எந்த ஒலகத்துல வேணா பொறக்கட்டும். எங்க லாரிதான் கெடச்சிதா அவனுக்கு?"

காத்தவராயன் கையமர்த்தினார். அவர் முகத்தில் கோபத்தைவிடக் கவலையே மிகுந்திருந்தது.

"இருடி. ஐயா, அந்த டிரைவரு என்னா ஆனான்?"

"அவனைப் பற்றிக் குறிப்பு இல்லை."

"கேஸு?"

"இல்லை."

"இன்சூரன்ஸு?"

ராஜமாணிக்கம் படித்தவற்றில் எங்கும் இன்சூரன்ஸ் இல்லை.

"அப்ப இத எழுதுனவன் லாரி வச்சிருந்தவன் இல்ல" என்று காத்தவராயன் முடிவாகக் கூறினார்.

அழைக்காமலே இளமதி வெளியே வந்தாள். கையில் காப்பித் தட்டு இல்லை.

"சார் சொன்னது கரெக்டுதாம்மா. அது அப்படித்தான் ஆரம்பிக்கும்." பின் அவர் பக்கம் திரும்பினாள். "சார், நீங்க எதெது பாத்திருக்கீங்க?"

ராஜமாணிக்கம் எத்தனையோ தேர்வுகள் எழுதியவர். பாடத்திட்டத்திற்கு வெளியே வினா வந்தது இதுவே முதன்முறை. அத்தனை நிறுத்தங்களையும் மனப்பாடம் செய்த அவர், ஒரு படத்தையும் போட்டுப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை. பொய் சொன்னால் அடுத்த வினா வரும்.

"பாக்கல. படிச்சேன்."

"ஒண்ணு கூடவா?"

"ஒண்ணு கூட இல்லம்மா." இலக்கணத் தமிழ் அவரை அவ்விடத்தில் இறக்கிவிட்டுப் போய்விட்டது.

இளமதி கார்த்திகேசனைப் பார்த்தாள். "நீங்க?"

"நானும் பாக்கலீங்க. ஷிஃப்ட் முடிஞ்சா தூங்கிடுவேன்." அவன் தலையைச் சொறிந்தான். "ஆனா கேலில்லாம் பண்ண மாட்டேன். நீங்க பாருங்க. நான் பக்கத்துல தூங்கிக்கிறேன்."

"கொறட்ட வருமா?"

அவன் தாயைப் பார்த்தான்.

"வரும்மா. லேசா" என்றாள் பொன்னி.

"சரி, சவுண்ட கூட்டி வச்சிக்கலாம்" என்று இளமதி தரையைப் பார்த்துச் சொன்னாள்.

பெண் சம்மதித்துவிட்டாள் என்பது அனைவர்க்கும் விளங்கியது. ஆனால் மலர்க்கொடி அசையவில்லை. "அவளுக்குப் புடிச்சா ஆச்சா? கூடத்துல உழுந்த வார்த்த உழுந்ததுதான். சகுனம் கெட்டுப்போச்சி. பூ வைக்க நான் தட்டு எடுக்க மாட்டேன்."

மணி நான்கைத் தாண்டியிருந்தது. தம் மகனின் கல்யாணத்தைத் தம் கல்வியே கெடுத்ததை ராஜமாணிக்கம் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

காத்தவராயன் சற்று யோசித்தார். "ஏன்டி, மொத நடைக்கு வண்டி கெளம்பும்போது பூன குறுக்க போனா நாம என்னா பண்ணுவோம்? லோடையா எறக்கிப் போடுறோம்? ரிவர்ஸ் எடுத்து ஷெட்டுல உட்டுட்டு, எலுமிச்சம்பழம் வச்சி மறுபடி கெளப்புறோம். இவுங்களும் வெளிய போயிட்டு மறுபடி வரட்டும்."

அந்த வீட்டில் இதற்கு மறுப்பு இருக்க முடியாது. மலர்க்கொடி மூவர்க்கும் தண்ணீர் கொடுத்து வாசலுக்கு அனுப்பினாள். மழை வலுத்திருந்தது. லாரியின் அருகே, எலுமிச்சம்பழத்திற்கு நேரெதிரே, மூவரும் நனைந்து நின்றார்கள்.

"எம்.ஏ.வாம் எம்.ஏ." என்றாள் பொன்னி.

உள்ளிருந்து காத்தவராயன், "ரைட், வரலாம்!" என்று குரல் கொடுத்தார். வாழ்நாளெல்லாம் பிறர்க்கு ரைட் சொன்ன மனிதர், அன்று பிறர் சொல்ல வலக்காலை எடுத்து வைத்தார்.

"வாங்க வாங்க, இப்பதான் வரீங்களா?" மலர்க்கொடி அவர்களை முன்பின் கண்டறியாதவள் போல் கைகூப்பினாள். "கடலூர்ல மழைங்களா?"

"ஜாஸ்திங்க" என்றாள் பொன்னி, தலையிலிருந்து நீர் சொட்ட.

இளமதி கதவோரம் வாயைப் பொத்திச் சிரித்தாள். "லாரிகிட்ட போனாங்க, புது ஆளா வந்துட்டாங்க. இதாம்மா இசேகாய்." பிறகு, "மாமா, படி வழுக்கும், பாத்து வாங்க" என்றாள்.

மாமா என்னும் அந்தச் சொல் எந்த நிறுத்தத்திலும் ஏறவில்லை. ஆயினும் ராஜமாணிக்கம் அதற்கு இடம் கொடுத்தார்.

இராகு காலம் பிறக்கும் முன் பூ வைக்கப்பட்டது. பிறந்த பின் வெளியே கிளம்பக் கூடாதாகையால், இளமதி தொலைக்காட்சியில் ஓர் அனிமேயைப் போட்டாள். "இது எந்த வகைம்மா?" என்று அவர் ஆவலுடன் கேட்டார். "பாத்துட்டு நீங்களே சொல்லுங்க மாமா" என்றாள். கார்த்திகேசன் பெயர் ஓடும்போதே உறங்கினான். சவுண்டு கூட்டப்பட்டது. "டிரைவர இன்னும் காட்டலியே" என்று காத்தவராயன் இருமுறை முறையிட்டார்.

நான்காம் பாகம் முடிந்தபோது பொன்னி புடவையை உதறி எழுந்தாள். "ஏங்க, ராகு காலம் போவப் போவுது. பஸ்ஸுக்குக் கெளம்பலாம்."

"என்ன வகை மாமா?" என்று இளமதி கேட்டாள்.

ராஜமாணிக்கம் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அது கெடக்கட்டும். அந்தப் பையன் ஊடு போயி சேருவானா, மாட்டானா? அடுத்தது போடு."

பொன்னி தொலைக்காட்சியை நிறுத்தினாள். அப்போது மணி மாலை சரியாக ஆறு.