திரும்பி வந்த ஒன்று

...ஏழு இல்லை, அது ஒன்பது, வால் தேய்ந்துபோன ஒன்பது, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் வெறும் கண்ணால் பார்த்தாலும் ஒன்பதுதான், பதினாறு வருஷமாக இந்த அறையின் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு திரிகிறவளுக்கு இதுகூடத் தெரியாவிட்டால் அப்புறம் என்ன இருக்கிறது... "ஒன்பதுன்னே போடுங்க சார்," என்றாள் அவள். மேசைக்கு அந்தப் பக்கம் பட்டியலோடு உட்கார்ந்திருந்த இன்ஸ்பெக்டர், அவளைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர், இங்கே வந்து மூன்று மாதம்தான் ஆகிறது, மறுபேச்சில்லாமல் ஒன்பது என்று எழுதினார். ஸ்டேஷனில் எல்லாருக்கும் அவள் பூட்டக்கா. வழக்குகளில் பிடிபட்டது எதுவானாலும் அவள் பூட்டுக்குள்தான் வந்து சேரும், நகை, செல்போன், கத்தி, கறை படிந்த சட்டை, ஒரு தடவை கூண்டோடு ஒரு கிளி, அது மட்டும்தான் யாரும் கையெழுத்துப் போடாமல் இந்த அறையை விட்டு வெளியே போனது, ஜன்னல் வழியாக. அதைச் சொல்லிச் சொல்லியே சிரித்துத் தீர்த்தார்கள், சிரிக்கட்டும், கிளியைத் தவிர வேறு எது போயிருக்கிறது, சொல்லட்டும் பார்ப்போம்.

இன்றைக்குத் துப்பாக்கிகளின் நாள். இருநூற்றுப் பதினொன்று. வழக்கு முடிந்து, மேல்முறையீடும் முடிந்து, இனி யாருக்கும் வேண்டாம் என்று கோர்ட்டு உத்தரவு போட்டவை, பன்னிரண்டு மணிக்குள் இரும்பாலை உலைக்குப் போய்ச் சேரவேண்டும். ஒவ்வொன்றாக அலமாரியிலிருந்து எடுத்து, திறந்து, குழல் காலி என்று சத்தமாகச் சொல்லி, எண்ணைப் படித்து, கட்டியிருக்கும் அட்டையை வெட்டித் தாளில் ஒட்டி, துப்பாக்கியை இரும்புப் பீப்பாயில் போடவேண்டும், ஒரு போலீஸ்காரர் மூலையில் நின்று எல்லாவற்றையும் படம் பிடித்துக்கொண்டிருந்தார். துப்பாக்கி என்றால் வெளியே இருப்பவர்களுக்கு ஒரு நடுக்கம், இங்கே வந்தால் தெரியும் அதன் லட்சணம், எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் துருவுமாக, கழட்டி வைத்த குழாய் மாதிரி... இது அண்ணன் தம்பி வேலித் தகராறில் வந்தது, சுட்டவரும் சுடப்பட்டவரும் இப்போது ஒரே வீட்டில் இருக்கிறார்களாம். இது ஒருத்தர் மாமனாரைப் பயமுறுத்த எடுத்தது, குண்டே இல்லை, மாமனாருக்கு அது தெரியாதே, பாவம், ஆஸ்பத்திரி வரைக்கும் போய் வந்தார். இது வெறும் குழாயை வளைத்துச் செய்தது, சுட்டவன் விரலைத்தான் கொண்டு போனது. "எல்லாம் ஞாபகம் வச்சிருக்கீங்களேக்கா," என்றார் இன்ஸ்பெக்டர். ஞாபகம் வைத்துக்கொள்வதற்கென்று அவள் எதையும் செய்ததில்லை, அதுவாக நின்றுவிடுகிறது. கல்யாண நாளைத்தான் வருஷா வருஷம் மறந்து போகிறாள், வீட்டுக்காரர் அதற்காக இந்த அறையைச் சக்களத்தி என்றே கூப்பிடுகிறார், அவர் தையல்காரர், வாய் ஊசியை விடக் கூர்மை.

நூற்று முப்பதைத் தாண்டியதும் கை தானாகவே மெதுவாகிவிட்டது, அடுத்தது எது என்று கைக்குத் தெரியும். சின்னக் கைத்துப்பாக்கி, கறுப்பு, பிடியின் இடது பக்கத்தில் பிறை மாதிரி ஒரு கீறல். குழல் காலி. நாலு, ஒன்பது, ஏழு, ஆறு. குரல் நடுங்கவில்லை, ஏன் நடுங்கவேண்டும், அவள் என்ன தப்புச் செய்தாள்... ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு மருந்துக்கடையில் மாலை நேரம் கல்லாவைக் காட்டு என்று உள்ளே நுழைந்தவன் கையில் இது இருந்தது, கல்லாவுக்குப் பின்னால் இருபத்து மூன்று வயதுப் பெண் ஒருத்தி, அவள் கையைத் தூக்கினாள், அவன் பதறிப்போய்ச் சுட்டுவிட்டான், அவ்வளவுதான், மூன்று விநாடி. பரிசோதனைக் கூடத்திலிருந்து முத்திரை வைத்த உறையில் இது வந்தபோது எண்ணைப் பதிவேட்டில் எழுதப் போனவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். இந்த எண்ணை நான் எழுதியிருக்கிறேனே, எங்கே, எப்போது... பழைய பதிவேடுகளை இறக்கிப் பார்த்தால் அதற்கும் ஐந்து வருஷம் முன்னால், அவள் கையெழுத்தில், அதே எண், பிடியில் கீறல் என்றுகூட எழுதியிருந்தாள். அப்போதைய விதி அப்படி, வழக்கு முடிந்ததும் நல்ல நிலையில் இருக்கும் துப்பாக்கியை வீணாக்காமல் உரிமம் உள்ள கடைக்காரர்களுக்கு ஏலம் விடவேண்டும். கடைக்காரரின் உரிமத்தை இரண்டு தடவை சரிபார்த்தவளும் அவள்தான், ஒப்படைத்தேன் என்று கையெழுத்துப் போட்டவளும் அவள்தான். கடைக்காரர் உரிமம் உள்ள ஒருவருக்கு விற்றார், அவர் வீட்டில் திருட்டுப் போனது, கை மாறிக் கை மாறி அந்த மருந்துக்கடைக்குப் போய்ச் சேர்ந்தது. யாரும் விதியை மீறவில்லை. ஒரு பெண் செத்துப்போனாள். "அக்கா, அடுத்தது?" என்றார் இன்ஸ்பெக்டர். அட்டையை வெட்டினாள், பீப்பாயில் போட்டாள், விழுந்த சத்தம் மற்றதைப் போலத்தான் இருந்தது.

வண்டியில் முன் இருக்கையில் உட்கார்ந்துகொண்டாள், பின்னால் முத்திரை வைத்த நான்கு பீப்பாய்களும் துப்பாக்கியோடு இரண்டு காவலர்களும், துப்பாக்கிக்கே துப்பாக்கிக் காவல், யோசித்தால் சிரிப்பு வருகிறது. செத்துப்போன அந்தப் பெண்ணின் அப்பாவை ஆலை வாசலுக்கு வரச் சொல்லியிருந்தாள். அவர் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். முதல் தடவை மகளின் கைப்பையையும் கடிகாரத்தையும் வாங்கிப் போக வந்தார், அப்புறம் வருஷத்துக்கு ஒரு தடவை வந்துகொண்டே இருந்தார், அது இன்னும் இங்கதான் இருக்காம்மா என்று கேட்பார், இருக்குய்யா, பூட்டித்தான் இருக்கு என்பாள், டீ குடிப்பார், உங்க கண்ணாடி காது மேல சரியா உக்காரலையேம்மா என்று கழற்றி வாங்கித் திருகைச் சரிசெய்து கொடுப்பார், கிளம்பிவிடுவார். அழிக்கிற நாள் வந்தால் நான் பார்க்கலாமா என்று போன வருஷம் கேட்டார். இப்போது அழிக்கும் உத்தரவு வந்ததும், "வேண்டாத தலைவலிக்கா," என்று இன்ஸ்பெக்டர் தலையை ஆட்டினார், அவளே மனு எழுதி, கோர்ட்டுக்கு நடையாய் நடந்து அனுமதி வாங்கினாள். ஏலத்தை நிறுத்தச் சொல்லி மேலே நாலு கடிதம் எழுதியவளும் அவள்தான், மூன்றுக்குப் பதில் இல்லை, நாலாவதுக்கு விதியே மாறிவிட்டது, இனிமேல் எல்லாம் உலைக்குத்தான். யார் எழுதியதால் மாறியது என்று எங்கேயும் போடவில்லை, போடாவிட்டால் போகிறது, காரியம் ஆனதா இல்லையா... ஆனாலும் அந்த ஒன்றை அவரிடம் சொல்லவில்லையே. ஆறு வருஷம், ஆறு டீ. ஏலத்தாளின் நகல் வழக்குக் கட்டில் ஏதோ ஒரு மூலையில் போனது, யாரும் அதைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. வீட்டுக்காரர் நேற்றுச் சாப்பிடும்போது, "சட்டம் உன் பக்கம் இருக்கு, நீயா ஏன் வாயைக் குடுக்கிற? அந்த மனுஷன் நிம்மதியா போயிடட்டும்," என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நிம்மதி யாருக்கு என்பதுதான் புரியவில்லை. சொல்லத்தான் போகிறாள், தீர்மானமாகிவிட்டது, தீர்மானம் செய்தபின் அவள் பின்வாங்கியதாகச் சரித்திரம் இல்லை.

ஆலைக்குள் நுழைந்ததுமே சூடு முகத்தில் வந்து அப்பியது. அவர் தலையில் மஞ்சள் தொப்பி மாட்டிக்கொண்டு, அது அவருக்குப் பெரிதாக இருந்தது, மேல்தளத்துக் கண்ணாடிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். கீழே அவள் நான்கு முத்திரைகளையும் கோர்ட்டு அதிகாரியிடம் காட்டினாள், உடைத்தாள், மறுபடி எண்ணினாள், இருநூற்றுப் பதினொன்று, ஆலைக்காரர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார், பார்க்கட்டும், எண்ணாமல் எதுவும் போகாது. பிறகு படியேறி அவர் பக்கத்தில் வந்து நின்றாள். "எதுலம்மா இருக்கு?" என்றார். "மூணாவது பீப்பாய்ங்கய்யா." பாரந்தூக்கி முதல் பீப்பாயை எடுத்துப் போய்ச் சாய்த்தது, சரசரவென்று விழுந்தது, பொறி பறந்தது, பிடியில் இருந்த மரமும் பிளாஸ்டிக்கும் ஒரு கணம் கொழுந்து விட்டு எரிந்து அடங்கின. இரண்டாவது. மூன்றாவதைத் தூக்கும்போது அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்து மாட்டிக்கொண்டார். அது சாய்ந்தது. நாற்பது ஐம்பது ஒன்றாக விழும்போது எதை எது என்று பார்ப்பது, அவளாலேயே முடியவில்லை, அவரோ இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார், சிவப்பு வெள்ளையாகி ஒரே குழம்பாகிற வரைக்கும். "போயிடுச்சா?" "போயிடுச்சுங்கய்யா." அவர் மூச்சை விட்டார். இப்போது சொல்லாவிட்டால் இனி எப்போது...

"அய்யா, ஒரு விஷயம். அந்தத் துப்பாக்கி அதுக்கு முன்னாடியே ஒரு தடவை என் அறைல இருந்தது. ஏலத்துல போச்சு. கையெழுத்துப் போட்டுக் குடுத்தது நான்தான்." சொல்லிவிட்டாள், முழுவதும், வார்த்தை பிசகாமல், சாட்சிக் கூண்டில் நிற்கிற மாதிரி நிமிர்ந்து நின்று. அவர் திரும்பவில்லை. கீழே நான்காவது பீப்பாயைக் கொக்கியில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். "தெரியும்மா," என்றார். "கோர்ட்ல பேப்பரெல்லாம் நகல் வாங்கினேன். வேலையே அதான எனக்கு, பொடி எழுத்துப் படிக்கிறது. மொத வருஷமே உங்க கையெழுத்தைப் பார்த்துட்டேன்." அப்படியானால் ஆறு வருஷமாக... இருக்குய்யா, பூட்டித்தான் இருக்கு என்று அவள் சொன்னபோதெல்லாம்... "கோவமாத்தான் வந்தேன் முதல்ல. சண்டை போடணும்னு. நீங்க அவ கடிகாரத்தைத் துடைச்சு, சாவி குடுத்து, ஓட வச்சு என் கைல தந்தீங்க. அப்புறம் எங்க சண்டை போடறது. நீங்களா சொல்றப்ப சொல்லட்டும்னு இருந்துட்டேன்." ஆறு வருஷமாக அவருக்கு ஆறுதலாக இருக்கிறோம் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தாள், டீ வாங்கிக் கொடுத்து, நாற்காலி போட்டு... காத்துக்கொண்டிருந்தது அவர். "நீங்க நாலு லெட்டர் எழுதினதும் தெரியும், உங்க பழைய இன்ஸ்பெக்டர் கண்ணாடி மாத்த வந்தப்ப சொன்னாரு," என்றார். அழுகை வரும்போல இருந்தது, வரவிடவில்லை, சீருடையில் இருக்கிறாள்.

நான்காவதும் சாய்ந்தது. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அவர் அவள் பக்கம் திரும்பினார், குற்றம் சாட்டுகிற முகம் இல்லை, கண்ணாடிக் கடையில் எந்த எழுத்து வரைக்கும் தெரியுது என்று கேட்கிற அதே முகம். "அன்னிக்கு ஏலத்துல இது ஒண்ணுதானா போச்சு?" அவள் வாய் தயாராக இருந்தது, எந்தக் கேள்வியானாலும் எண்ணோடு பதில் சொல்கிற வாய். "முப்பத்தெட்டுங்கய்யா," என்றாள். சொன்ன பிறகுதான் அந்த எண் அவள் காதிலேயே விழுந்தது. அவர் தலையை ஆட்டினார், படியில் மெதுவாக இறங்கிப் போனார். கீழே இன்ஸ்பெக்டர் அழிப்புச் சான்றிதழை நீட்டிக்கொண்டு, "வாங்கக்கா, எல்லாம் முடிஞ்சுது, ஒரு கையெழுத்துப் போட்டா கிளம்பிடலாம்," என்றார். பேனாவை வாங்கினாள். இருநூற்றுப் பதினொன்று, சரி, அது சரி, அதில் ஒரு குறையும் இல்லை, அந்த ஏலம் நடந்த வருஷத்துப் பதிவேட்டில் பக்கம் அறுபத்திரண்டு, மேலிருந்து கீழே முப்பத்தெட்டு வரி, நாலு ஒன்பது ஏழு ஆறு பதினேழாவது வரி, அதற்கு மேலே எட்டு எட்டு மூன்று ஒன்று, கீழே ஐந்து பூஜ்யம் இரண்டு ஏழு, எல்லாம் வரிசையாக வருகிறது, ஒன்றுகூட மறக்கவில்லை, இத்தனை வருஷமாகத் திரும்பி வந்த ஒன்றைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தவளுக்கு மீதி முப்பத்தேழும் இந்த நிமிஷம் எந்த அலமாரியில், யார் தலையணைக்கடியில், எந்தக் கடை வாசலில்...