வாரத்துக்கு ஓர் உலக அழிவு

மகளுக்குப் பதினைந்து வயது. வாரத்துக்கு ஓர் உலகம் அழிந்தால்தான் அவளுக்குச் சோறு இறங்கும். ஒரு நாவலில் கடல் ஊருக்குள் புகுந்துவிடும். இன்னொன்றில் பிள்ளைகளைப் பிடித்து வேலிக்குள் அடைப்பார்கள். அத்தனை அழிவையும் அசராமல் படிப்பவள், தட்டைக் கழுவச் சொன்னால் மட்டும் களைத்துப்போவாள்.

அம்மாவுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. விடிந்ததும் வெறும் வயிற்றோடு வரிசையில் நிற்பவர்களுக்கு நரம்பு தேடி ஊசி குத்தி, அவர்கள் சிடுசிடுப்பையெல்லாம் வாங்கிக்கொண்டு திரும்புவாள். வீட்டில் மகளின் முகம் புத்தகத்துக்குப் பின்னால் இருக்கும்.

ஒருநாள் வகுப்பாசிரியை அம்மாவைக் கூப்பிட்டனுப்பினார். ‘பத்து ஆண்டுகள் கழித்து நான்’ என்ற கட்டுரையில் மகள், வெள்ளத்தில் தப்பிய நாற்பது பேருக்குக் குடிநீர் பங்கிடுவேன் என்று எழுதியிருந்தாள். வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று ஆசிரியை தணிந்த குரலில் விசாரித்தார். அம்மாவுக்கு மானம் போயிற்று.

பஸ்ஸிலேயே ஆரம்பித்தாள். என்ன குறை வைத்தேன், ஏன் இந்த இழவெல்லாம் படிக்கிறாய் என்று இறங்கும்வரை ஓயவில்லை. வீட்டுக்கு வந்ததும் புத்தகங்களை அள்ளி ஓர் அட்டைப்பெட்டியில் போட்டாள். மகள் அழவில்லை. அது இன்னும் எரிச்சலூட்டியது.

“அதுல அப்படி என்னடி இருக்கு? சொல்லித் தொலை.”

“எல்லாம் நாசமாப் போயிடும்மா. ஆனா என் வயசுப் பொண்ணு சொன்னா நாலு பேர் கேப்பாங்க. இங்க எல்லாம் நல்லாத்தான் இருக்கு. நான் எந்த டியூஷன் போகணும்னுகூட நீதான் சொல்ற.”

“உன் நல்லதுக்குத்தானே சொல்றேன்.”

“அதான்மா கஷ்டம். கதைல கெட்டவன்னு ஒருத்தன் இருப்பான், சண்டை போடலாம். உன்கூட எப்படிப் போடுறது?”

அம்மா பெட்டியைக் காலால் மகளின் அறைக்குள் தள்ளிவிட்டுச் சமையலறைக்குப் போனாள்.

இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு, மூன்று டியூஷனில் ஒன்றை விட்டுவிடலாம், எதை என்று நீயே முடிவு செய் என்றாள். மகள் ஒரு வாரம் தவித்தாள். நகத்தைக் கடித்தாள். கடைசியில், “நீயே சொல்லேம்மா” என்று வந்து நின்றாள்.

“மாட்டேன்” என்றாள் அம்மா.

மறுநாள் மகள் கணக்கை விட்டாள். வேறு எதை விட்டிருந்தாலும் அம்மா பொறுத்திருப்பாள். போன பரீட்சையில் முப்பத்தொன்பது வாங்கிய கணக்கை!

அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு கணக்கு வாத்தியாருக்குப் போன் செய்து, இனி மகள் டியூஷனுக்கு வரமாட்டாள் என்றாள்.