வாசலுக்கும் அவளுக்கும் நடுவில்

அவன் காலையில் எழுந்து பல் துலக்கி, ஒரு தம்ளர் தேநீர் போட்டுக் குடித்து, கதவைப் பூட்டிக்கொண்டு இரண்டு தெரு நடந்து பல்பு ஆலைக்குப் போய், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, மண்டியிட்டுத் தவழ்ந்து உள்ளே போவான். ஆலை அப்போது சாப்பாட்டு மேஜை உயரம்தான் இருந்தது. அவன் அங்கே ஃபிட்டராகச் சேர்ந்தபோது, கூரையில் உட்கார்ந்திருக்கும் புறா கீழிருந்து பார்த்தால் புள்ளியாகத் தெரியும். அந்த மாநகரில் அப்படித்தான். ஒரு தொழிலில் ஆள் குறைந்தால் அதன் கட்டடம் சுருங்கும், ஆள் கூடினால் பெருகும். வங்கிகள் ஒடுங்கிப்போய், மேலாளர்கள் முழங்காலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்கள். ஒரு பத்திரிகை அலுவலகம் இரண்டு கடைகளுக்கு நடுவே மடக்கிய குடைபோலச் செருகிக்கொண்டு நின்றது. ஆஸ்பத்திரிகள் மட்டும் நிதானமாகப் பருத்தன. யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வாடகை ஏறுவதைப் பற்றிப் பேசும் குரலிலேயே இதையும் பேசினார்கள்.

அவன் மனைவி ஊருக்கு வெளியே பார்சல் கிடங்கில் இருந்தாள். வாங்கியவர்கள் வேண்டாமென்று திருப்பி அனுப்பிய சாமான்களைப் பிரித்து, உடைந்ததையும் உடையாததையும் தனித்தனியாக அடுக்குவது அவள் வேலை. மாநகரில் நிற்காமல் ஆள் எடுத்த இடம் அது ஒன்றுதான். “ரெண்டு பேர்ல ஒருத்தராவது வளர்ற இடத்துல இருக்கணும்” என்று இருவரும் சேர்ந்துதான் முடிவெடுத்திருந்தார்கள். அப்போது அது புத்திசாலித்தனமாகத்தான் பட்டது. ஆனால் புது ஆட்கள் சேரச் சேர, அவர்களுக்கான பிரிவுகள் வாசலுக்கும் பழைய பிரிவுகளுக்கும் நடுவில் முளைத்தன. யார் மூத்தவரோ அவர் வாசலுக்குத் தொலைவு. முதல் வருடம் அவள் பொழுது சாய்வதற்குள் வீட்டில் இருப்பாள். பிறகு விடுமுறைக்கு மட்டும், கால் வீங்கி வந்தாள். பிறகு விடுமுறை நடப்பதற்கே போதாமல், பாதி வழியில் திரும்பிப் போனாள். நிர்வாகம் உள்ளேயே கட்டில் போட்டுக் கொடுத்தது. வேலையை விடுவதாக இருந்தால் யாரும் தடுக்கவில்லை. அடையாள அட்டையை வாசலில் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும், அவ்வளவுதான்.

போனில் பேசிக்கொண்டார்கள். கிடங்கு நீள நீள, குரல் வந்து சேரத் தாமதமானது. காலையில் “எழுந்துட்டியா?” என்று கேட்டால், அவன் படுக்கப் போகும்போது “இப்பதான் பல்லு வெளக்குறேன்” என்று பதில் வரும். பிறகு வாரங்கள் ஆயின. ஒரு தடவை அவன் ஏதோ கடுப்பில் அவளை மறதிக்காரி என்று சொல்லிவிட்டான். மழைக்காலம் முழுக்கப் பதில் இல்லை. வெயில் வந்தபின் ஒருநாள், ஆலைக்குள் குப்புறப் படுத்து ஒரு திருகை முடுக்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. “யாரு மறதிக்காரி? கல்யாணத்தன்னைக்கே வேற யாரோ செருப்ப மாட்டிக்கிட்டு வந்தவருதானே நீங்க?” அவன் சிரித்ததில் தலை கூரையில் இடித்தது. எதற்காக அப்படிச் சொன்னோம் என்பது அவனுக்கு எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

கடைசியில் ஆலையில் அவனும் மேற்பார்வையாளரும் மட்டும் மிஞ்சினார்கள். முழங்காலோடு முழங்கால் முட்ட உட்கார்ந்து கடுகளவு பல்புகளைச் செய்தார்கள். “தம்பி, நான் மூச்சை இழுக்குறப்ப நீ விடு. ரெண்டு பேரும் ஒண்ணா இழுத்தா சுவரு பொளந்துடும்” என்பார் மேற்பார்வையாளர். ஒரு மாலை அவனுக்கும் கணக்கு முடித்து அனுப்பினார்கள். அவன் வெளியே வந்து திரும்பிப் பார்த்தபோது ஆலை ஒரு தகரப் பெட்டி அளவில் நடைபாதையோரம் இருந்தது. மேற்பார்வையாளர் உள்ளே இருந்தாரா என்று அவன் கேட்கவில்லை. அவன் முதுகு நிமிரவில்லை. நடை குழந்தை நடைபோலச் சிறுத்துவிட்டிருந்தது.

மனைவியை வீட்டுக்குக் கூட்டி வருவதைத் தவிர அவனுக்கு வேறு வேலை எதுவும் மீதியில்லை. கிடங்கின் வாசலில் காவலுக்கு நின்றது அவளுடைய அண்ணன். வேலைக்குச் சேராதவர்களை உள்ளே விட அவருக்கு அதிகாரம் கிடையாது.

“சேர்ந்துக்குறேன் மச்சான். அவளக் கூட்டிட்டு வர்றதுக்குத்தான்.”

“இந்த மாசம் சேர்ந்தவங்கள்ல பாதிப் பேரு இதையேதான் சொன்னாங்க மாப்ள. உள்ள போறது சுலபம். வர்றதப் பத்தி என்கிட்ட கேக்காதீங்க.”

அவன் சேர்ந்த அன்று, அவன் ஒருவனுக்காகவும் கிடங்கு ஓர் அடி நீண்டது. “வந்துக்கிட்டிருக்கேன்” என்று போனில் அவளுக்குச் சொல்லி அனுப்பினான். அது எப்போது போய்ச் சேரும் என்று தெரியாது. அட்டைப் பெட்டிகளுக்கு நாடா ஒட்டும் வேலை கிடைத்தது. விடுமுறை தோறும் உள்நோக்கி நடந்தான். அவன் அடிகள் சின்னவை, அலமாரிச் சந்துகள் நீளமானவை. ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக எத்தனையோ சந்துகள். பக்கத்துச் சந்தில் எதிர்த்திசையில் போகிறவர்களின் காலடி மட்டும் பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து கேட்கும். இதற்குள் அவனுக்கும் வாசலுக்கும் நடுவே புதுப் பிரிவுகள் முளைத்து, புதிதாக வந்தவர்கள் அவனை அண்ணே என்று கூப்பிடத் தொடங்கினார்கள். அப்படி நடந்துகொண்டிருந்த ஒருநாள் போனில் அவள் குரல் வந்தது, அவன் ஆலையில் படுத்துக் கிடந்த காலத்தில் அவள் பேசியது. அவன் நின்று கேட்டான். முன்னே போவதா, திரும்புவதா என்று ஷிப்ட் மணி அடிக்கும்வரை அங்கேயே நின்றான். பிறகு போய் நாடா ஒட்டினான். இப்போதும் ஒட்டிக்கொண்டிருக்கிறான். மாநகரின் வளர்ச்சியைப் பற்றி எல்லோரும் நல்லவிதமாகத்தான் பேசுகிறார்கள். அவள் வாசலை அடைந்துவிட்டதாக மச்சானிடமிருந்து தகவல் இல்லை. அவர் சொல்லியிருந்தாலும் அது இன்னும் வந்து சேர்ந்திருக்காது. அவள் கடைசியாகச் சொன்னது இதுதான்:

“ஏங்க, போதும்னு கெளம்பிட்டேன். அட்டையக் கழுத்துல மாட்டிக்கிட்டு வாசலப் பாத்து நடந்துக்கிட்டிருக்கேன். எத்தன நாளானாலும் வந்துடுவேன். நீங்க வெளியிலயே நில்லுங்க. தேடிக்கிட்டு உள்ள வந்துடாதீங்க, உங்களுக்கு வழி தெரியாது.”