ஓங்கினானா, இல்லையா

கடலூர் கோர்ட்டில் பதினோரு மணிக்கு விடுதலை என்று சொன்னார்கள். பன்னிரண்டரைக்கெல்லாம் அந்தோணிசாமியும் அவர் மனைவி சவரியம்மாளும் சிதம்பரம் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தார்கள். மூன்று வருஷமாக வாய்தாவுக்கு வந்து போன அதே வழி. வக்கீல் ஸ்வீட் பாக்ஸ் ஒன்று கொடுத்திருந்தார். இருவரும் அதைப் பிரிக்கவில்லை.

அந்தோணிசாமி பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர். புவனகிரியில் ஒரு நகை அடகுக் கம்பெனியில், தன் சொந்த லைசென்ஸ் துப்பாக்கியோடு காவலுக்கு நின்றார். 2006 தை மாதம் காத்தவராயன் என்கிற அறுப்புக் கூலிக்காரன், பெண்டாட்டியின் தோட்டை மீட்க வயலிலிருந்து நேராக வந்தான். தோடு ஏலத்தில் போய்விட்டது என்றார்கள். சத்தம் போட்டான். இடுப்பில் செருகியிருந்த, கதிர் அறுக்கும் கருக்கருவாளை உருவினான். அந்தோணிசாமி சுட்டார். அவன் வாசற்படியிலேயே செத்துப்போனான்.

உருவியதை யாரும் மறுக்கவில்லை. ஓங்கினானா, சும்மா கையில் பிடித்திருந்தானா என்பதில்தான் மூன்று வருஷம் போனது. அவரை விடச் சொல்லி ஒரு பக்கம் போஸ்டர் ஒட்டினார்கள், தண்டிக்கச் சொல்லி மறுபக்கம் சாலை மறியல் செய்தார்கள். ரேஷன் கடையில், கோயில் வாசலில், ஆஸ்பத்திரியில் ஊசிக்கு நிற்கும்போதுகூட சவரியம்மாளைக் கேட்டார்கள்.

"ஒங்க வூட்டுக்காரரு என்னாங்க சொல்றாரு? ஓங்கினானாமா?"

"ஓங்கினான்னுதான் சொல்றாரு."

அது அவர் போலீசிலும் கோர்ட்டிலும் சொன்னது. வீட்டில் அவள் ஒருநாளும் கேட்டதில்லை. இல்லை என்று சொல்லிவிட்டால் அந்தக் கைக்கு எப்படிச் சோறு போடுவது என்று பயம். ஊரே கேட்ட கேள்வியை அவள் மட்டும் கேட்காமல் தள்ளிக்கொண்டே வந்தாள்.

ஆலப்பாக்கம் தாண்டும்போது செல்போன் அடித்தது. அவள் தம்பி ராபர்ட்.

"அக்கா, பஸ் ஸ்டாண்டுக்கு எல்லாரும் வந்தாச்சு. மேளம், சால்வை, மாமா போட்டோ போட்டு டிஜிட்டல் பேனரு. எந்த பஸ்ஸுல வர்றீங்க?"

சொன்னாள். வேறென்ன செய்வது.

அதற்குள் பஸ்ஸுக்குள்ளும் விடுதலைச் செய்தி வந்துவிட்டது. முன் சீட்டில் குடை வைத்திருந்த ஒருவர் எழுந்து நின்றுகொண்டார்.

"என்னாதான் சொல்லு. அவன் இப்புடி ஓங்குறான், இவுரு கையக் கட்டிக்கிட்டு நிப்பாரா?" குடையை ஓங்கிக் காட்டினார்.

"யோவ், கொடைய எறக்குய்யா. நானும் சுட வேண்டியதாப் பூடும்" என்றார் கண்டக்டர். பஸ் சிரித்தது.

"அறுப்பு நேரத்துல கருக்கருவா இல்லாத இடுப்பு எதுங்க?" பின்னாலிருந்து ஒரு பெண். "எங்க மாமனாரு பேங்குக்கே அதோடதான் போவாரு. சுட்டுப்புடுவீங்களா?"

"ஒம் மாமனாரு ஓங்குவாரா?"

"எங்க மாமியாகிட்ட மட்டுந்தான்."

மறுபடி சிரிப்பு. குடைக்காரர் விடவில்லை. தனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அந்தோணிசாமியிடம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க பெரியவரே. ஓங்காமயா சுட்டுருப்பாரு?"

அந்தோணிசாமி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பாமலே, "ஓங்கல" என்றார்.

"என்னாது?"

"உருவுனான். கீழ போடப் போனானோ என்னமோ. ஓங்கல."

"நீ பக்கத்துல நின்னு பாத்தியா? ஜட்ஜு மூணு வருசம் விசாரிச்சி சொல்லிட்டாரு, இவுரு வந்துட்டாரு! அந்தோணிசாமிய எனக்கு நல்லாத் தெரியும்யா. ஆறடி ஆளு. மீசையப் பாத்தாலே ஒனக்குக் காச்ச வரும்."

அந்தோணிசாமி ஐந்தடி நாலு அங்குலம். மீசை வைத்துக்கொள்வதில்லை.

"பெரியவரு சொல்றதுதான் நெசம்" என்றாள் பின்சீட்டுப் பெண். "அந்தப் பாவி எங்கண்ணுல படட்டும், செருப்பாலயே அடிப்பன்."

அந்தோணிசாமி அதற்கும் தலையாட்டினார். சவரியம்மாள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அவர் சொன்னது குடைக்காரருக்கு இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. புதுச்சத்திரம் போனது, முட்லூர் போனது.

பஸ் ஸ்டாண்டுக்கு முன்னாலேயே, வண்டிகேட் நிறுத்தம் வரும்போது அவள் எழுந்தாள். "எறக்கம் இருக்கு."

"பஸ் ஸ்டாண்டுக்கு டிக்கெட் எடுத்துருக்கியேம்மா?"

"இருக்கட்டும். எறக்கி வுடுங்க."

அவரும் பின்னாலேயே இறங்கினார். வெயில் கொளுத்தியது. ரோட்டோரம் நின்று அவள் கேட்டாள். "ஓங்கினான்னு சொல்லச் சொல்லி வக்கீலு சொன்னாரா?"

"யாரும் சொல்லல. மொத நாளே போலீசு கேட்டப்ப வாயில வந்துடுச்சு. அப்பறம் மாத்த முடியல."

"ஏன் சுட்டீங்க?"

"பயந்துட்டேன், சவரி."

"பயந்தா ஓடியிருக்கலாம். கத்தியிருக்கலாம்."

மூன்று வருஷம் எதற்குப் பயந்தாளோ அது வந்துவிட்டது. அழுகை வரும் என்று நினைத்திருந்தாள். உட்கார ஓர் இடம் கிடைத்தால் போதும் என்றுதான் இருந்தது.

போன் அடித்தது. "அக்கா, பஸ்ஸு வந்துடுச்சு, மாமாவக் காணுமே?"

"அவுரு வர மாட்டாரு. மேளக்காரங்கள அனுப்பிச்சிட்டு எல்லாரும் வூட்டுக்குப் போங்க."

"ஏன்க்கா? ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

அவள் போனை அணைத்துவிட்டு நடக்கத் தொடங்கினாள். அந்தோணிசாமி பத்தடி தள்ளி வந்தார். அவருக்காக அவள் நிற்கவில்லை. வர வேண்டாம் என்றும் சொல்லவில்லை.